மைமூனா ராத்தாவின் குரலைப் பொதி கட்டியது

1

உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு விலை பேசும்போது உங்களுக்கும் எனக்கும் மனக்கசப்பு வராது. இந்தக் கதை என் கற்பனையில் பிறக்கவில்லை, என் பிழையில் பிறந்தது. நான் திருகோணமலையில் மொத்தத் துணி வியாபாரி ஒருவரின் மகன். இப்போது அதே கடைக்கு முதலாளி. கறை பட்ட சேலையின் கறையை உள்மடிப்பில் ஒளித்து, முந்தானையை வெளியே விரித்துக் காட்டும் வித்தையை அ, ஆ படிக்க முன்னமே படித்தவன். ஆகையால் நான் விரித்துக் காட்டுவதை மட்டும் பார்க்காதீர்கள். மடிப்பையும் ஒருக்கால் தூக்கிப் பாருங்கள்.

எழுதத் தொடங்கியது இப்படி:

"துறைமுகத்துக்குள் அன்று காலை ஒரு வெள்ளைக் கப்பல்

விட்டுவிட்டேன். திருகோணமலைக்காரன் கதை எழுதினால் முதல் வரியில் ஒரு கப்பல் வந்து நிற்க வேண்டுமென்று யாரோ சட்டம் போட்டிருக்கிறார்கள். இந்தக் கதையில் கப்பலுக்கு ஒரு வேலையும் இல்லை. அது தன் பாட்டில் போகட்டும்.

"லினக்ஸ் என்னும் இயங்குதளத்தில் மென்பொருளை நிறுவும் முறைகள் இரு வகைப்படும். அவற்றுள் முதலாவது

இதையும் விட்டேன். என் மனைவி சோபனா தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்து, "இது கதையோ, ட்யூசன் நோட்ஸோ?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

மூன்றாவது தொடக்கம் நான் எழுதியதே அல்ல. ஒரு புதன்கிழமை காலை, கடை திறந்து கொஞ்ச நேரத்தில், என் போனுக்கு வந்தது:

"தம்பி என்ட வாய் ஒடஞ்சு போச்சு. ஞாயித்துக்கெழம பத்து மணிக்கு முந்தி சரியாக்கித் தரணும். மைமூனா ராத்தா."

இதைவிட நல்ல முதல் வரி என் கைக்கு வராது. கதை இங்கேதான் தொடங்குகிறது. மேலே உள்ளவை எல்லாம் கடைவாசல்.

2

மைமூனா ராத்தாவை உங்களுக்குத் தெரியாது. (ராத்தா என்றால் அக்கா. எங்கள் பக்கத்து முஸ்லிம்களின் சொல். ஊர்க்காரர்கள் இந்த அடைப்புக்குறியைத் தாண்டிப் போகலாம்.) மூதூருக்குத் தெற்கே தோப்பூர்ச் சந்தையில் துணிக்கடை வைத்திருப்பவர். வயது ஐம்பத்துநான்கு. கணவர் மௌத்தாகிப் பத்து வருடம். மூன்று வருடத்துக்கு முன் தொண்டையில் புற்றுநோய் வந்து குரல்வளையை எடுத்துவிட்டார்கள். உயிர் தப்பியது. சத்தம் தப்பவில்லை.

பேசாமலே செய்யக்கூடிய தொழில்கள் எத்தனையோ உண்டு. துணி வியாபாரம் அதில் இல்லை. அதுவும் மைமூனா ராத்தாவின் வியாபாரம். என் அப்பா கொழும்பு மொத்த வியாபாரிகளுக்குப் பயந்ததில்லை. ஆனால் ராத்தா எங்கள் கடைவாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டால் எழும்பிப் போய் ஒரு கிளாஸ் தண்ணீர் குடித்துவிட்டு வருவார். ராத்தாவின் பேரம் அவர் சொல்லும் விலையில் இல்லை, சொல்லும் வேகத்தில் இருந்தது. நீங்கள் உங்கள் வசனத்தை முடிக்க முன்னம் அவருடைய பதில் வந்து உங்கள் மடியில் விழுந்திருக்கும்.

அந்த வேகத்தை ஒரு பழைய லப்டொப் பாதியளவு திருப்பிக் கொடுத்தது. ஒரு பல்கலைக்கழகப் பெடியன் தன் படிப்புக்காக எழுதிய மென்பொருள். தட்டெழுதினால் தமிழில் பேசும். அதற்குக் குரல் கொடுத்தவர் அவனுடைய கோப்பாய்ச் சித்தி. ஆக, தோப்பூரில் பிறந்து வளர்ந்த மைமூனா ராத்தா மூன்று வருடமாக யாழ்ப்பாணத்து வாயால் வியாபாரம் செய்கிறார். ஆரம்பத்தில் சனம் வேடிக்கை பார்க்க வந்தது. வந்த சனத்துக்கு அவர் துணி விற்றார்.

அடிக்கடி சொல்லும் வசனங்களை ஒவ்வொரு விசைக்குக் கீழும் சேமித்து வைக்கலாம். முந்நூற்றுச் சொச்சம் வசனங்கள் வைத்திருந்தார். ஒரு விசையை அமத்தினால், "கட்டாது தம்பி, கட்டாது." இன்னொன்று, "இந்தத் துணிய நீங்க கையால புடிச்சுப் பாக்கல்ல." இன்னொன்று, "போங்க, போய் எல்லாக் கடையும் பாத்துட்டு வாங்க, நான் இங்கதான் இரிப்பன்."

(புத்திசாலி வாசகர் ஒருவர் இப்போது கையை உயர்த்துகிறார்: போன் பேசாதா? பேசும். ராத்தாவும் பேசவைத்துப் பார்த்தார். சின்னத் திரையில் விரலால் தடவித் தடவி ஒரு வசனம் எழுதி முடிக்க, வாடிக்கையாளர் அடுத்த கடையில் காசு கொடுத்துக்கொண்டிருப்பார். சந்தை இரைச்சலில் போனின் சத்தமும் எடுபடாது. கையை இறக்குங்கள், ஐயா.)

3

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு என்ன?

தோப்பூரில் சந்தைக்குப் புதுக் கட்டடம் கட்டியிருந்தார்கள். எந்தக் கடை யாருக்கு என்பதை வியாபாரிகள் சங்கம் அன்று தீர்மானிக்கும். முறை இதுதான்: பெயரைக் கூப்பிட, ஆள் எழும்பி, எந்தக் கடை வேண்டும், ஏன் வேண்டும் என்று சபைக்கு முன்னால் சொல்ல வேண்டும். ஒரே கடையை இரண்டு பேர் கேட்டால் இருவரும் வாதாட வேண்டும். சபை கேட்டு முடிவு சொல்லும். கடிதம் கொடுக்க முடியாது. வர முடியாதவருக்காக, பேச முடியாதவருக்காக, வீட்டு ஆண் ஒருவர் பேசலாம்.

அங்கேதான் வில்லங்கம். ராத்தாவுக்காகப் பேசக்கூடிய வீட்டு ஆண் ஸஜ்ஜாத், கணவரின் தம்பி. ராத்தாவுக்கு வேண்டியது முன்வாசல் மூலைக்கடை. இரண்டு பக்கத்தாலும் சனம் வரும், பழைய சந்தையில் பத்தொன்பது வருடம் அவர் இருந்ததும் மூலையில்தான். ஸஜ்ஜாத் பேசினால் ராத்தாவுக்குப் பின்வரிசையில் ஒரு கடை வரும்.

முதல் பிரதியில் ஸஜ்ஜாதை இப்படி எழுதினேன்: "கண்ணில் ஒரு கபடம் மின்ன, மீசையைத் தடவியபடி

அழித்துவிட்டேன். ஸஜ்ஜாதுக்கு மீசை இல்லை. கபடம் இருக்கிறதா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. மதினிக்கு காஸ் சிலிண்டர் தூக்கிக் கொடுப்பவர். கிளினிக் நாளில் தன் வேலையை விட்டுவிட்டுத் திருகோணமலை ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வருபவர். லப்டொப்பின் திரையில், "புதிய பதிப்பு வந்திருக்கிறது, இப்போதே மாற்றவா?" என்று ஒரு மாதமாக வந்துகொண்டிருந்த கேள்விக்கு, மதினிக்கு ஏன் இந்தக் கரைச்சல் என்று, தன் போனிலிருந்து இணையத்தைக் கொடுத்து, ஓம் என்று அமத்தியவரும் அவரே. அன்றோடு ராத்தாவின் வாய் உடைந்தது.

தெரிந்து செய்தாரா, தெரியாமல் செய்தாரா? கெட்டவராக எழுதினால் கதை நேராக ஓடும். வாசகர்களுக்கு வெறுக்க ஓர் ஆள் கிடைப்பார், நானும் தப்பிவிடுவேன். அந்தக் கடைசிக் காரணத்துக்காகவே அவரை நல்லவராக வைத்திருக்கிறேன்.

4

உட்துறைமுக வீதியில் கொம்பியூட்டர் திருத்தும் கடை வைத்திருக்கும் பிரகலாதன் சல்லிக் கிராமத்துப் பிள்ளை. வீட்டில் எல்லாரும் கடலுக்குப் போக, இவன் மட்டும் கரையில் நின்று லினக்ஸ் படித்தவன். எனக்குப் பத்து வயது இளையவன். வியாழக்கிழமை பின்னேரம் அவன் கடையில் போய்க் கதிரையில் இருந்தேன். ராத்தா மென்பொருளின் பிரதி ஒன்றை முன்னமே அவனிடம் கொடுத்து வைத்திருந்தார்.

"அண்ணை, லினக்ஸில ஒரு புரோகிராம் தனிய வராது," என்றான். "எனக்கு இது வேணும், அது வேணும் எண்டு ஒரு லிஸ்டோட வரும். அந்தச் சாமான் எல்லாம் பொதுவா ஒரு இடத்தில கிடக்கும். எல்லாரும் எடுத்துப் பாவிக்கலாம். அப்டேட் அடிச்சா அந்தப் பொது இடத்தில பழசைத் தூக்கிப்போட்டுப் புதுசு வைப்பினம். மற்றப் புரோகிராம் எல்லாம் புதுசோட சமாளிச்சுப் போகும். ராத்தான்ர புரோகிராம் பழசைத்தான் கேக்கும்."

"எழுதின பெடியனைக் கேட்டுப் புதுசுக்குத் தோதா மாத்த ஏலாதோ?"

"அவர் இப்ப கனடாவில. மூண்டு மெயில் போட்டனான். பதிலில்லை."

"அப்ப?"

"பொதி கட்டுவம்."

அவன் விளக்கியது அவனுடைய ஊர்க் கணக்கில். ஒருநாள் வள்ளத்தில் போகிறவனுக்குச் சோறும் தண்ணீரும் கரையில் இருக்கிறது, பின்னேரம் வந்துவிடுவான். பலநாள் போட்டில் போகிறவன் ஐஸ், எண்ணெய், அரிசி, தேசிக்காய் வரைக்கும் ஏற்றிக்கொண்டுதான் வெளிக்கிடுவான். கரையில் என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது என்ற யோசனை அவனுக்கு இல்லை. அதுபோல மென்பொருளையும் அதற்கு வேண்டிய பழைய துணைச் சாமான் எல்லாவற்றையும் ஒரே கோப்புக்குள் கட்டிவிடுவது. எந்த லினக்ஸ் கொம்பியூட்டரிலும் வைத்து, இயங்க அனுமதி கொடுத்து, இரண்டு தரம் தட்டினால் போதும். நிறுவத் தேவையில்லை, இணையம் தேவையில்லை, வீட்டுக்காரரிடம் உப்புக்கூடக் கேட்காது.

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: இப்படிக் கட்டுவதில் இரண்டு மூன்று சாதி உண்டு. அப்இமேஜ், பிளட்பாக், ஸ்னாப் என்பார்கள். எது நல்லது என்று அந்த ஆட்கள் அடிபடுவதைப் பார்த்தால் எங்கள் கோயில் நிருவாகசபை ஞாபகம் வரும். பிரகலாதன் கட்டியது முதல் சாதி. மற்றவற்றைப் பற்றி எனக்குக் கருத்து இல்லை. இருந்தாலும் சொல்ல மாட்டேன்.)

கட்டி முடித்தான். ஓட்டிக் காட்டினான். கோப்பாய்ச் சித்தி பேசினார். நான் அந்த இடத்தில் எழும்பி, "நல்லம் தம்பி" என்று சொல்லிவிட்டுப் பென் டிரைவோடு வந்திருந்தால் இந்தக் கதை உங்களிடம் வந்திராது. நான் கேட்டேன்:

"எத்தனை எம்.பி.?"

"நானூத்தி எண்பத்திமூண்டு."

"புரோகிராம் தனிய எத்தனை?"

"ஆறு."

"ஆறு எம்.பி. சரக்குக்கு நானூத்தி எழுபத்தேழு எம்.பி. சாக்கோ!"

"அண்ணை, சாக்கில்லை. எல்லாம் வேண்டிய சாமான்."

"இருநூறுக்கு முடி."

"இது விலையில்லை அண்ணை!"

"விலையில்லாதது எது? சரி, இருநூற்றைம்பது."

ராத்தாவின் லப்டொப்பில் இடம் தாராளமாக இருந்தது. அது எனக்குத் தெரியும். ஆனால் முதலில் சொன்ன தொகையை அப்படியே ஏற்றுக்கொள்வது எங்கள் வீட்டில் மரியாதைக்குறைவு. சொன்னவனை மதிக்கவில்லை என்று அர்த்தம். அப்பா டொக்டரிடமே மருந்துச் சீட்டில் இரண்டு குளிசையைக் குறைப்பித்தவர். பிரகலாதன் பொதியைத் திரையில் பிரித்து விரித்தான். நான் புடவைக் கட்டைப் பார்ப்பதுபோல ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

"இது என்ன?"

"சீன, ஜப்பான் எழுத்துக்கள். தானா வந்து ஏறினது."

"தோப்பூரில ஆர் ஜப்பான் வாசிக்கினம்? எடு. இது?"

"பிழை தேடுறதுக்கு..."

"பிழை விடாத. எடு. இது?"

"சத்தத்தை ஸ்பீக்கர் மட்டும் கொண்டுபோற சாமான். பழைய பதிப்பு."

"தம்பி, சத்தம் வராத கொம்பியூட்டர் எங்க இருக்கு? இது எல்லாத்திலயும் கிடக்கும்."

"கிடக்கும்... ஆனா அங்க எந்தப் பதிப்பு கிடக்கெண்டு..."

"எடுத்துப்போட்டு உன்ர மெசினில ஓட்டிப் பார். பேசினால் நான் சொன்னது சரி."

எடுத்துப்போட்டு ஓட்டினான். பேசியது. "பாத்தியே!" என்றேன். அவன் தலையைச் சொறிந்தான். இப்படியே பேசிப் பேசிப் பொதி நூற்றுத்தொண்ணூறில் வந்து நின்றது. நான் கேட்டதைவிடவும் குறைவு. கடையைவிட்டு இறங்கும்போது எனக்கிருந்த சந்தோஷத்தை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் எழுதுகிறேன்: சீட்டியடித்துக்கொண்டு போனேன்.

5

இந்த இடத்தில் கதையை நிறுத்தி ஒன்று யோசித்தேன். நீங்களும் கொஞ்சம் நில்லுங்கள்.

ஒரு கதையும் ஒரு பொதிதானே? நான் இதைத் திருகோணமலையில் கட்டி அனுப்புகிறேன். எந்த ஊரில், எந்தத் தலைக்குள் இது பிரிபடும் என்று எனக்குத் தெரியாது. உங்களிடம் தோப்பூர் ஏற்கெனவே இருக்கிறதா? மதினி, மௌத், எம்.பி. எல்லாம் இருக்கிறதா? இருக்கும் என்று நம்பி நான் கழித்துவிட்டால் என் மேசையில் கதை நன்றாகப் பேசும். ஏனென்றால் என் தலைக்குள் எல்லாம் கிடக்கிறது. உங்களிடம் வந்ததும் வாயசைக்கும், சத்தம் வராது. இல்லையென்று பயந்து எல்லாவற்றையும் கட்டினால் பொதி பருத்துப்போகும். வீட்டில் உப்பு இருக்கிறவருக்கு உப்பு அனுப்பிய கதையாகும்.

எழுதுகிற ஆட்கள் இதைக் கழிப்பதில்தான் திறமை இருக்கிறது என்கிறார்கள். நானும் அந்தச் சனிக்கிழமை வரைக்கும் அப்படித்தான் நம்பினேன்.

6

சனிக்கிழமை காலை, கிண்ணியாப் பாலம் தாண்டி, மூதூர் தாண்டி, பஸ்ஸில் தோப்பூர் போய் இறங்கினேன். ஸஜ்ஜாத் கடைவாசலிலேயே நின்றார்.

"வாங்க முதலாளி, வாங்க. மதினி, திருகோணமல ஆள் வந்துட்டார்." கதிரை இழுத்துப் போட்டார், பிளேன்டீ வரவழைத்தார். மீசையில்லாத நல்ல முகம்.

ராத்தா பேசவில்லை என்று எழுத வந்து நிறுத்துகிறேன். அவருக்கு அது செய்தியல்ல. அவர் லப்டொப்பைத் திறந்து என் பக்கம் தள்ளிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பென் டிரைவைச் செருகினேன். பொதியை இறக்கினேன். அனுமதி கொடுத்தேன். இரண்டு தரம் தட்டினேன்.

திறந்தது. பழைய நீல ஜன்னல், கீழே பச்சைக் கோடு. அவருடைய முந்நூறு வசனங்களும் போட்ட இடத்தில் அப்படியே இருந்தன. அவை லப்டொப்பில் அவருடைய சொந்த மடிப்புக்குள் கிடப்பவை, பொதியோ அப்டேட்டோ அவற்றைத் தொடாது. ராத்தாவின் முகம் மலர்ந்தது. குனிந்து தட்டினார். பச்சைக் கோடு பேசும்போது துள்ளுவதுபோலத் துள்ளியது.

சத்தம் இல்லை.

ஒலியைக் கூட்டினார். இன்னொரு விசையை அமத்தினார். கோடு துள்ளியது. சத்தம் இல்லை. இன்னொன்று. இன்னொன்று. முந்நூறில் எத்தனை அமத்தினார் என்று நான் எண்ணவில்லை. கோடு மட்டும் வாய்போல ஆடிக்கொண்டே இருந்தது. அந்த லப்டொப்பில் சத்தம் கொண்டுபோகும் சாமான் இருந்தது, நான் சொன்னபடியே இருந்தது. ஆனால் புதியது. எங்கள் பொதி பழையதைத் தேடியது. பிரகலாதனின் மெசினில் பழையது வெளியே பொது இடத்தில் கிடந்தபடியால்தான் அங்கே பேசியது.

"பரவால்ல மதினி," என்றார் ஸஜ்ஜாத். உண்மையான இரக்கத்தோடு சொன்னார், அதில் எனக்குச் சந்தேகமில்லை. "நாளக்கி நான் பேசுறன்தானே. ஒங்களுக்கு என்ன வேணுமெண்டு எனக்குத் தெரியும்."

ராத்தா போனை எடுத்து விரலால் எழுதி அவர் முகத்துக்கு நேரே நீட்டினார். நானும் எட்டிப் பார்த்தேன்.

"என்ன வேணும் எனக்கு?"

"பின்னால உள்ள பெரிய கட. வெயிலில்ல, புழுதியில்ல. நிம்மதியா இரிக்கலாம்."

மறுபடி எழுதினார். "மூலக்கட."

"அதுல நின்டு கத்தணும் மதினி. ஒங்களால..." அவர் வசனத்தை முடிக்கவில்லை. முடிக்காமல் விட்ட மரியாதையை நான் கவனித்தேன். ராத்தாவும் கவனித்தார். போனை மேசையில் வைத்த விதத்தில் தெரிந்தது.

பிறகு என் பக்கம் திரும்பினார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். ஆறு எம்.பி., சாக்கு, ஜப்பான், நூற்றுத்தொண்ணூறு. அவர் கேட்டுவிட்டு எழுதினார்:

"கொறச்சது காசா?"

"இல்லை ராத்தா. இடம்."

"இடம் எனக்குக் கெடக்கு. கொரல்தான் இல்ல."

பிளேன்டீ ஆறிப்போனது என்று எழுதலாம். உண்மையில் நான் அதைச் சுடச்சுடக் குடித்தேன், நாக்கு வெந்தது.

7

பிரகலாதனுக்குப் போன் எடுத்தேன்.

"தம்பி, சத்தம் வரேல்லை."

"அண்ணை, நீங்கள் கழிக்கச் சொன்னதைத்தான் நான் கழிச்சனான்."

"ஓம், ஓம். முழுசையும் கொண்டு வா."

"முழுசோ? முந்நூறாக் குறைச்சுத் தரட்டே?"

"பிரகலாதன்..."

"இல்லை, மரியாதைக்குக் கேட்டனான்."

முதலில் இணையத்தால் அனுப்பிப் பார்த்தான். தோப்பூரில் அன்று சிக்னல் மந்தம், இறங்கிய கோப்பு ஆறு வீதத்தில் படுத்துக்கொண்டது. கடையில் சனிக்கிழமை வேலை, ஞாயிறு விடியத்தான் வெளிக்கிடலாம் என்றான். நான் ஊர் திரும்பாமல் மூதூரில் தெரிந்த வியாபாரி வீட்டில் தங்கினேன்.

இப்போது முடிவுக்கான சரக்கை விரிக்கிறேன், பாருங்கள்.

முதலாவது: பிரகலாதனின் மோட்டார்சைக்கிள் கிண்ணியாப் பாலத்தில் காற்றுப் போகிறது. ராத்தா சபையில் ஊமையாக நிற்கிறார். வாசகர் கண்ணைத் துடைக்கிறார். (விற்கும். ஆனால் டயர் புதுசு.)

இரண்டாவது: ஸஜ்ஜாத் மனம் திருந்தி, மதினியின் பக்கம் நின்று மூலைக்கடைக்காகக் கர்ஜிக்கிறார். கைதட்டல். (அப்போதும் பேசுவது ஸஜ்ஜாத்தான்.)

மூன்றாவது: ராத்தா எழும்பி, சைகையாலேயே சபையை வெல்கிறார்.

மூன்றாவதை எழுதிக்கொண்டு போனேன், அழகாக வந்தது, அரைப் பக்கம். பிறகு கிழித்தேன். குரல் கேட்ட மனுசிக்குச் சைகையைக் கொடுத்துச் சமாளிப்பது, பட்டுக் கேட்டவருக்குப் பருத்தியை மடித்துக் கொடுப்பது. அந்த வியாபாரம் எனக்குத் தெரியும், அதனால்தான் கிழித்தேன்.

நடந்தது சாதாரணம். ஒன்பது நாற்பதுக்குப் பிரகலாதன் வந்தான். மூதூரில் நிறுத்தி ஆப்பம் தின்றுவிட்டு வந்ததாகவும் சொன்னான், அதற்கு நான் ஏசவில்லை. நானூற்றெண்பத்திமூன்று எம்.பி., ஜப்பான் எழுத்தோடு. இறக்கினான். தட்டினான். ராத்தா விசையை உடனே அமத்தவில்லை. முந்தானையைத் தலைக்கு இழுத்துச் சரிசெய்தார். பிறகு அமத்தினார்.

"கட்டாது தம்பி, கட்டாது!"

கடை முழுக்கக் கேட்டது. எதிர்க்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். முதலில் சிரித்தது ஸஜ்ஜாத், இதையும் எழுதத்தான் வேண்டும். அவரே லப்டொப்பையும் ஸ்பீக்கரையும் தூக்கிக்கொண்டு மண்டபத்துக்கு முன்னால் நடந்தார்.

மண்டபத்தில் ராத்தாவின் பெயரைக் கூப்பிட்டபோது தலைவர், "மைமூனா ராத்தாக்குப் பதிலா ஆர் பேசுற?" என்று கேட்டார். ஸஜ்ஜாத் பழக்கத்தில் அரைவாசி எழும்பினார். ராத்தா ஒரு விசையை அமத்தினார். ஸஜ்ஜாத் இருந்துவிட்டார். மூலைக்கடையைக் கேட்ட இன்னொருவர், தேங்காய் வியாபாரி, அவரும் இருந்துவிட்டார். அதன் பிறகு ராத்தா பதினொரு நிமிடம் பேசினார்.

8

அந்தப் பதினொரு நிமிடத்தையும் நான் எழுதினேன். சுருக்கித்தான். சபை சிரித்த இரண்டு இடம், தேங்காய் வியாபாரி குறுக்கே பேச வந்து வாயை மூடிய இடம், கடைசியில் கேட்ட ஒரு கேள்வி. அச்சில் இருபது வரி. நன்றாகத்தான் வந்திருந்தது. அவருடைய பேச்சு என்பதால் அச்சுக்குப் போக முன்னம் அவருக்கு அனுப்பி, சம்மதமா என்று கேட்டேன்.

எழுத்தில் பதில் வரவில்லை. குரல் செய்தியாக வந்தது. கடையில் துணி கிழிபடும் சத்தம் பின்னால் கேட்டது.

"தம்பி, நான் பதினொரு நிமிசம் பேசினன். நீங்க ஒரு நிமிசம் எழுதியிரிக்கீங்க. மிச்சப் பத்தும் எல்லார்ட கொம்பியூட்டர்லயும் கெடக்குமெண்டு நெனச்சீங்களா?"

தட்டும் சத்தம்.

"முழுசாப் போடுங்க. ஏலாட்டி ஒண்டும் போடாதீங்க."

பத்திரிகை ஆசிரியருக்குப் போன் எடுத்தேன். இரண்டாயிரத்தைந்நூறு சொல்லுக்கு மேல் இடமில்லை என்றார். மூவாயிரத்தைந்நூறு கேட்டேன். இரண்டாயிரத்து அறுநூறு என்றார். என் வாழ்க்கையில் முதல் தடவையாக, சொன்ன தொகையிலிருந்து நான் ஒரு சொல்லும் இறங்கவில்லை. அவரும் ஏறவில்லை. ராத்தா பேசியது ஆயிரத்து நூறு சொல். பிரகலாதனை வைத்து எண்ணிப் பார்த்தேன்.

கதையின் முன்பகுதியைக் கழித்து இடம் எடுக்கலாமே என்று சோபனா சொன்னாள். எதைக் கழிப்பது? கப்பலையா? அது பாதி வரி. என் பிழையையா? அதை எடுத்துவிட்டால் நான் கெட்டிக்காரனாகிவிடுவேன், பிறகு இந்தக் கதையை எழுதியது ஏன் என்று எவருக்கும் விளங்காது. ஸஜ்ஜாதின் நல்ல முகத்தையா? பேரம் பேசிப் பேசி எங்கே வந்து நிற்கிறேன் என்று திடீரென்று தெரிந்தது. மனுசிக்கு என்ன வேண்டுமென்று எனக்குத் தெரியும் என்று சொல்லிக்கொண்டு மண்டபத்தில் அரைவாசி எழும்பி நிற்கும் ஆள் இப்போது நான்.

இருந்துவிட்டேன்.

ஆகவே அவர் பேசியது இந்தக் கதையில் இல்லை. இருபது வரியையும் எடுத்துவிட்டேன். இந்த இடத்தில்தான் வந்திருக்கும்:

.

மூலைக்கடை கிடைத்ததா என்று கேட்பீர்கள். சொல்ல மாட்டேன். விலையை முதலில் கேட்டுத் தெரிந்துகொண்டவர் துணியை விரித்துப் பார்ப்பதில்லை. இதை எனக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.

தோப்பூருக்குப் போங்கள். மூதூர் மட்டும் பஸ் இருக்கிறது, அங்கிருந்தும் இருக்கிறது. சந்தைக்குள் வெள்ளி தவிர எந்த நாளும் போகலாம். வாசலில் நின்று காதைக் கொடுங்கள். முன்மூலையிலிருந்து கேட்கிறதா, பின்வரிசையிலிருந்து கேட்கிறதா என்று உங்களுக்கே தெரிந்துவிடும். போய்க் கதிரையில் இருந்து, அன்றைக்குச் சபையில் என்ன பேசினீர்கள் ராத்தா என்று கேளுங்கள். சேமித்து வைத்திருக்கிறார், ஒரே விசை.

பதினொரு நிமிடம் போகும். குறைக்கச் சொல்லிக் கேட்காதீர்கள்.